வராது என்று தீர்மானிக்கப்பட்ட பணம்

நன்னம்பிக்கை ஊழியர் பண்டகசாலையில் நான் இப்போது வாராக்கடனாக இருக்கிறேன். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் செங்கமலம் என்கிற பெண்மணி. அவர் போனதும் காலியான இடத்துக்குக் கமிட்டி என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. நானும் அந்தக் கமிட்டியில் ஓர் உறுப்பினன்தான். கையைத் தூக்குவதற்கு முன்னால் எதற்கென்று கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சரக்கைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு போனவன் பணம் தரமாட்டான், அது வந்த மாதிரிதான் என்று கடை தலைமுழுகிவிட்ட பாக்கிக்கு வாராக்கடன் என்று பெயர். நான் சம்பளம் வாங்கின மறுநாளே பாக்கியைக் கட்டிவிடுகிறவன். செங்கமலமும் அப்படித்தான். பிறகு எப்படி என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வருகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

என் பெயர் கருணாகரன். நெய்வேலி தெர்மல் பவர் ஸ்டேஷனில் சார்ஜ்மேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பண்டகசாலை எலெக்‌ஷனில் ஒரு வருஷம் ஓர் இடத்துக்கு யாருமே மனுப் போடவில்லை. பூஞ்சை பிடித்த ஊறுகாய் பாட்டிலை மாற்றித் தரச் சொல்லிப் போன என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கமிட்டி மெம்பர் ஆக்கிவிட்டார்கள். பாட்டிலை இன்றைக்கு வரைக்கும் மாற்றித் தரவில்லை.

கமிட்டிக்குத் தலைவர் ஜெயராமன். கம்பெனியில் பெரிய என்ஜினீயர். தோட்டம் வைத்த பெரிய டைப் குவார்ட்டர்ஸ், வாசலில் ஜீப். செயலாளர் சண்முகசுந்தரம். திருநெல்வேலிக்காரர், எம்.காம். படித்தவர். அவர் எம்.காம். என்பதை அவருடைய பெயர்ப்பலகை, லெட்டர் பேடு, குடை மூன்றிலும் பார்க்கலாம்.

1979 ஜூன் மாதம் கடலூரிலிருந்து ஆடிட்டர் வந்தார். அந்த மாதக் கடைசியோடு பண்டகசாலையின் கணக்கு வருஷம் முடிகிறது. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவும் திரும்பி வந்துவிடும் என்று வைத்து லாபம் போட்டு, அந்த லாபத்திலிருந்து உறுப்பினருக்கு டிவிடெண்டும் உங்களுக்குப் படியும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில் கொஞ்சம் வராமல் போனால், எடுத்துச் சாப்பிட்டதை எங்கிருந்து திருப்பி வைப்பீர்கள் என்றார். தலைவர் அவருக்கு இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.

ஆடிட்டர் நல்ல மனுஷர். எங்கள் முகங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, புரிகிற மாதிரி சொன்னார்.

"காடாம்புலியூர்ல பலா மரம் குத்தகை எடுக்கறவன் என்ன பண்றான்? நூறு காய் தொங்கினா தொண்ணூத்தேழுக்குத்தான் விலை பேசறான். மூணு அழுகிப்போகும்னு அவனுக்குத் தெரியும். எந்த மூணுன்னு தெரியாது, தெரியவும் வேணாம். அழுகினப்புறம் தலையில கை வெச்சிக்கறதுக்கு பதிலா முன்னாடியே கழிச்சிக்கறான். நீங்களும் நூத்துக்கு மூணு கழிச்சிட்டு மிச்சத்தை லாபம்னு சொல்லுங்க."

விற்ற வருஷத்து நஷ்டத்தை அந்த வருஷத்து லாபத்திலேயே கழித்துவிட வேண்டும், அடுத்த வருஷத்துக்காரன் தலையில் கட்டக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். எனக்கே புரிந்துவிட்டது. எம்.காம். படித்த சண்முகசுந்தரத்துக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது. ஆடிட்டர் பஸ் ஏறினதும் கேட்டார், அழுகப்போகிற காய் எதுவென்று குறிக்காமல் எப்படிக் கழிப்பது, ஆள் பெயர் போடாமல் ஒரு தீர்மானம் எப்படி எழுதுவது என்று.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எங்கள் டவுன்ஷிப்பில் பட்டியல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒரு சீனியாரிட்டி பட்டியல், கிடைத்த குவார்ட்டர்ஸிலிருந்து பெரியதுக்கு மாற இன்னொரு பட்டியல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒன்று, டவுன்ஷிப் கல்யாண மண்டபத்துக்கு ஒன்று. யார் பெயரும் இல்லாமல் ஒரு நஷ்டம் சும்மா நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. ஆகவே பணம் தராமல் போகப்போகிறவர்களின் பட்டியல் ஒன்று தயாரிப்பது என்று முடிவாயிற்று. நூற்றுக்கு மூன்று என்றால் நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

கூட்டம் ஜூன் கடைசியில் நடந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ரொம்ப நாளாகத் தராதவர்கள் யாரென்று பார்த்தால் போயிற்று என்று நான் சொன்னேன். சண்முகசுந்தரம் பழைய பாக்கிகளைப் புரட்டினார். முதல் பெயரிலேயே நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் தலைவர் தம் பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கின சர்க்கரை, நெய், பண்ருட்டி முந்திரிப் பருப்பு, பிரியாணி அரிசி வகையறா நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம். அந்த ஒரே பெயரை எழுதினால் பட்டியல் முடிந்துவிடும், நாங்களும் வடையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"அது நல்ல கடன்," என்றார் சண்முகசுந்தரம் கடைசியில். "சார் வருஷாவருஷம் எம்பாக்கி எவ்வளவுன்னு அக்கறையா விசாரிக்காங்க. விசாரிக்கிறவங்க கடன் எப்படி வராமப் போகும்?"

தலைவர் அடக்கமாகத் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் ஒரு பொதுக் கொள்கை வகுக்கப்பட்டது. பெரிய டைப் குவார்ட்டர்ஸில் இருப்பவர் தராமல் இருந்தால் அது தாமதம். நடுத்தர டைப்பில் இருப்பவர் தராமல் இருந்தால் அது நிலுவை. குவார்ட்டர்ஸே இல்லாதவர் தந்தாலும் தராவிட்டாலும் வாராக்கடன். இது அப்படியே மினிட்ஸில் ஏறியிருக்கிறது. குவார்ட்டர்ஸ் இல்லாதவர்கள் என்றால் காண்ட்ராக்ட் ஆட்கள். என்றைக்காவது ஒரு மாதம் தவணை தவறினவர்களாகப் பார்த்து நாற்பது பேரை எழுதிக் கூட்டினால் நாலாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய் அறுபது காசு வந்தது. நூற்று முப்பத்தேழு ரூபாய் நாற்பது காசு குறைந்தது.

அந்தத் தொகைக்குச் சரியாக ஒரு ஆளைத் தேடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிடைத்தார். செங்கமலம், மைன்ஸ் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற காண்ட்ராக்ட் தொழிலாளி, பாக்கி நூற்று முப்பத்தேழு ரூபாய் நாற்பது காசு. காசு சுத்தமாகப் பொருந்தியது. அந்த அம்மாள் ஏழாம் தேதி தவறாமல் கட்டுகிறவர் ஆயிற்றே என்று நான் இழுத்தேன். தொகை பொருந்துகிறதா இல்லையா என்று தலைவர் கேட்டார். பொருந்துகிறது என்றுதான் சொல்ல முடிந்தது. என் ஆட்சேபணையைக் குறிப்பில் பதிந்துகொண்டு, என் கையையும் தூக்க வைத்துவிட்டார்கள்.

செங்கமலத்தின் குடிசை டவுன்ஷிப் வேலிக்கு வெளியே இருந்தது. பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். புருஷன் தனகோட்டி பண்ருட்டியில் முந்திரி மூட்டை தூக்குகிறவர். செங்கமலம் பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்டில் மைன்ஸ் கேன்டீன் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பாத்திரம் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கிற அளவு இருக்கும். கூலி வாங்கின அன்றே முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் அடுத்த மாதத்து அரிசி வாங்குவார்.

ஜூலை ஏழாம் தேதியும் வந்தார். கல்லாவில் இருந்த கொளஞ்சிநாதன் பணத்தைத் தொடவில்லை.

"ஒங்க பணத்த வாங்கக் கூடாதுன்னுட்டாங்கக்கா. அது வராதுன்னு கமிட்டியில முடிவாயிடுச்சாம்."

"கையில வெச்சிகினு நிக்கிறேனே கொளஞ்சி. வராதுன்னா எப்பிடி?"

நோட்டு கிழிசலாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு செங்கமலம் பக்கத்து வெற்றிலைக் கடையில் நல்ல நோட்டாக மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றார். அதையும் வாங்கவில்லை. யாரோ தம்மைப் பற்றிக் கோள்மூட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, அரிசி இல்லாமல் வீட்டுக்குப் போனார். வாராக்கடனுக்கு மேற்கொண்டு சரக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தீர்மானத்தில் இருந்தது.

இதோடு போயிருந்தால் ஏதோ ஒரு கூத்து என்று விட்டிருக்கலாம். அந்த மாதம் நடுவில் செங்கமலத்துக்கு ஆர்டர் வந்தது. கேன்டீன் காண்ட்ராக்ட் ஆட்களில் பழையவர்களை பெர்மனென்ட் ஆக்குகிறார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுக்க வேண்டிய காகிதங்களில் ஒன்று, பண்டகசாலையில் பாக்கி இல்லை என்கிற சர்டிபிகேட். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெர்மனென்ட் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று மடங்கு சம்பளம், ஆஸ்பத்திரி கார்டு, ஒழுகாத கூரை. பதினோரு வருஷம் அண்டாவுக்குள் நின்றது இதற்காகத்தான்.

செங்கமலம் சர்டிபிகேட் கேட்டு வந்தார். பாக்கி இருக்கிறதே, எப்படித் தருவது என்றார்கள். பாக்கியைக் கட்டிவிடுகிறேன் என்றார். அதுதான் வராதே, எப்படி வாங்குவது என்றார்கள். இப்படி நாலு தடவை நடந்தபின், கமிட்டியில் எனக்கு ஓரளவு மனிதத்தன்மை உண்டு என்று யாரோ சொல்லி என் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி சந்திரகலா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. செங்கமலத்தை அழைத்துக்கொண்டு நான் செயலாளர் அறைக்குப் போனேன்.

சண்முகசுந்தரம் பொறுமையாகத்தான் விளக்கினார். அவருக்கு விளக்குவது ரொம்பப் பிடிக்கும்.

"ஏம்மா, நீ நல்லவ, எனக்குத் தெரியாதா? ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்குல்லா. கொடுக்கிறவங்க கொடுக்கிறதில என்ன சாமர்த்தியம் இருக்கு? வராதுன்னு நாங்க சொன்னது வராம இருக்கணும், அதுதான் சாமர்த்தியம். நீ பாட்டுக்குப் பணத்தைக் கட்டிட்டா, எங்க மதிப்பீடு தப்புன்னு ஆடிட்டர் எழுதிருவாரு. ஒரு கேன்டீன்காரிக்காக ஒரு நிர்வாகம் தப்பாயிர முடியுமா, நீயே சொல்லு."

செங்கமலம் அதைப் பற்றி உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, வேறு வழி எதுவும் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றார் செயலாளர். டவுன்ஷிப்பில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் குவார்ட்டர்ஸை மாற்றிக்கொள்கிறார்கள் இல்லையா, அதற்கு மியூச்சுவல் என்று பெயர். அதே மாதிரி, நல்ல கடன் பட்டியலில் இருக்கிற யாராவது ஒருவர் 'நான் என் பாக்கியைத் தரமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவரை இந்தப் பட்டியலுக்குக் கொண்டுவந்துவிட்டுச் செங்கமலத்தை அங்கே மாற்றிவிடலாம். அப்புறம் தாராளமாகப் பணம் கட்டலாம். இந்த யோசனை தமக்கு அந்த நிமிஷமே தோன்றியது என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

செங்கமலம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் போய்விட்ட பிறகு, தலைவர் ஒருவர் பெயரே போதுமே, அந்த நாற்பது பேரையும்கூட விட்டுவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். சண்முகசுந்தரம் கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்கு ப்ரொமோஷன் எப்போது வருகிறது என்று அன்பாக விசாரித்தார்.

மூன்று வாரம் செங்கமலம் பிளாக் பிளாக்காக மியூச்சுவல் தேடி அலைந்தார். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினதும் சோப்புத் தண்ணீர் காயாத கையோடு கிளம்பிவிடுவார். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பாக்கி வைத்திருக்கிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ஐயா நீங்க தரமாட்டீங்கன்னு எழுதிக் குடுங்க என்று பணிவாகக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை என்னவென்று நினைத்தாய், நான் அப்படிப்பட்டவனா என்று கத்தினார்கள். ஒரு ஃபோர்மேன், அந்தக் கோபத்தோடு நேரே பண்டகசாலைக்குப் போய், தம்முடைய நாணயத்தை நிரூபிப்பதற்காக இன்னும் அறுபது ரூபாய்க்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். தராதவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. தரமாட்டேன் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

இதற்கிடையில் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. செங்கமலத்தால் பணம் தர முடியாது என்பதை நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதிவிட்டால் நாளைக்கு ஆடிட்டர் கேள்வி கேட்க முடியாது. அவர், செயலாளர், நான் மூன்று பேரும் ஜீப்பில் போனோம். பெட்ரோல் பண்டகசாலைச் செலவு. செங்கமலத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெரிய ஐயா வூட்டுக்கு வந்திருக்கிறாரே என்று பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடி மூன்று கோலி சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார். நாங்கள் குடித்தோம். செயலாளர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'ஆடம்பரச் செலவுப் பழக்கம் உள்ளவர். கடனைத் திருப்பித் தர வாய்ப்பில்லை.' சோடா வாங்கித் தராமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று திரும்பி வரும்போது கேட்டேன். சோடாவுக்குக்கூட வழியில்லாதவர், கடனைத் திருப்பித் தர வாய்ப்பில்லை என்று எழுதியிருப்பேன் என்றார். அந்தச் சோடாவை நானும்தான் குடித்திருந்தேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை பண்டகசாலையின் பேரவைக் கூட்டம். சரக்குக் கிட்டங்கிக்கு முன்னால் சாமியானா, மைக் செட், முன்வரிசையில் சோபா. செங்கமலத்தின் கெடுவுக்கு இன்னும் சில நாள்தான் பாக்கி. அவரும் அங்கே இருந்தார், உறுப்பினராக அல்ல. டீ கிளாஸ் கழுவக் கேன்டீனிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

சண்முகசுந்தரம் ஆண்டறிக்கை வாசித்தார். வாராக்கடன் ஒதுக்கீட்டை இவ்வளவு முறையாக, பெயர் பெயராகச் செய்த பண்டகசாலை இந்த ஜில்லாவிலேயே இல்லை என்றார். எல்லோரும் தட்டினார்கள். கைதட்டல் ஓய்கிற நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பண்ருட்டி மொத்த மண்டிக்காரர் சோமசுந்தரம். எங்கள் பண்டகசாலைக்கு அரிசி, பருப்பு எல்லாம் அவர்தான் சப்ளை. தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கென்று அனுப்பின சரக்குக்குத் தமக்கு மூன்று வருஷமாக வரவேண்டிய தொகை என்னவாயிற்று என்று கேட்டார்.

செயலாளர் அசரவில்லை. நாலாயிரத்து இருநூறு ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றார். அதைக் கொடுங்கள், வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார் மண்டிக்காரர். அது பணம் இல்லை, கணக்கில் கழித்தது, பெட்டியில் ஒன்றும் இருக்காது என்று செயலாளர் விளக்கினார். மண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

"எனக்கு வெளக்கணுமாங்க? நானும்தான் கழிச்சிகினு வரேன். ஒங்க பண்டகசாலைய வாராக்கடன்ல எழுதி ரெண்டு வருஷம் ஆவுது. அதுக்குத்தான் அரிசியில கிலோவுக்குப் பத்துப் பைசா ஏத்திப் போடறேன். இல்லன்னா நான் எங்கப் போறது?"

சாமியானாவுக்குள் சலசலப்பு. இத்தனை நாளாக அரிசி விலை ஏன் பண்ருட்டியைவிட இங்கே கூடுதல் என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பித் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலைமையைச் சமாளிக்கத் தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"உறுப்பினர்களே, கடன் என்பது வெறும் பணம் இல்லை. அது ஓர் உறவு. கொடுத்துத் தீர்த்துவிட்டால் அந்த உறவு முறிந்துபோகிறது. இந்தப் பண்டகசாலையோடு எனக்குள்ள உறவு மூன்று வருஷமாக நீடிக்கிறது. இங்கே வாங்கின எதையும் நான் மறந்தவன் அல்ல. சில்லறை ஆட்கள்தான் வாங்கினோம், கொடுத்தோம் என்று போய்விடுவார்கள். நிறுவனத்தின் மேல் பற்றுள்ளவர்கள் அப்படிப் போகமாட்டார்கள்."

பேச்சு முடிவதற்குள் செங்கமலம் டீ கிளாஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். கையில் ஒரு வெள்ளைத் தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அவர் குரல் பெரிய குரல் இல்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, எனுக்கு மியூச்சுவல் கெடைக்கிலீங்க. ஊரு பூரா கேட்டுட்டேன், எல்லாரும் குடுத்துடுவேன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தருதாங்க நான் கேக்காத ஆளு. ஒங்க பேரு ஒண்ணப் போட்டா நாங்க எல்லாருமே அதுலேருந்து வெளிய வந்துடலாம்னு சொன்னாங்க. தரமாட்டேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. நான் காசு கட்டிட்டு வேலைக்குப் போயிடறேன்."

அதில் கிண்டல் கொஞ்சம்கூட இல்லை. செயலாளர் சொன்ன வழியைத்தான் அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். யார் அவருக்கு அந்த விவரத்தைச் சொன்னது என்று சண்முகசுந்தரம் என்னைப் பார்த்தார். நான் சாமியானாவின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். தலைவர் முகம் சிவந்தது. என்ன அபத்தம், நான் ஏன் தரமாட்டேன் என்று எழுத வேண்டும், என் பாக்கியை நான் கட்டாயம் தந்துவிடுவேன் என்றார், மைக் முன்னாலேயே. பின்வரிசையிலிருந்து மண்டிக்காரர் விடவில்லை. சார் தருவதாக இருந்தால் நல்லது, ஜீப்பிலேயே கூட வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

தலைவர் தருகிறேன் என்றால் மண்டிக்காரர் ஜீப்பில் ஏறுகிறார். தரமாட்டேன் என்றால் செங்கமலம் தாளை நீட்டுகிறார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் இப்படி ஓர் இக்கட்டு அவருக்கு வந்திருக்காது. எவனாவது இந்தம்மாகிட்ட பணத்தை வாங்கிக்கிட்டு சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்புங்கய்யா என்று கத்தினார்.

இரண்டு மாதம் நடக்காதது இரண்டு நிமிஷத்தில் நடந்தது. கொளஞ்சிநாதன் ரசீது போட்டார். செங்கமலம் முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தார். சர்டிபிகேட்டில் செயலாளர் அங்கேயே ஒரு நாற்காலிக் கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மண்டிக்காரர் நேரே கல்லாவுக்குப் போய் அந்த நூற்று முப்பத்தேழு ரூபாய் நாற்பது காசைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு எடுத்துப் போனார். அந்தக் கல்யாணப் பாக்கியில் மூன்று வருஷத்தில் எங்கள் பண்டகசாலையிலிருந்து அவருக்கு வந்த முதல் ரொக்கம் அது. வராது என்று நாங்கள் தீர்மானம் போட்டு வைத்திருந்த பணம்.

மறுநாள் அவசரக் கமிட்டி கூடியது. பட்டியலில் நூற்று முப்பத்தேழு ரூபாய் நாற்பது காசு குறைகிறது. யாரையாவது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் பாக்கி தொண்ணூற்றுச் சொச்சம்தான் இருந்தது. குறைந்ததற்கு என் கணக்கில் சீயக்காய்த் தூளும் உப்பும் எழுதி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தலைவர் கை தூக்கச் சொன்னார். பழக்க தோஷத்தில் என் கையும் மேலே போய்விட்டது. நான் பணத்தோடு கல்லாவுக்குப் போகும்போதெல்லாம் கொளஞ்சிநாதன் பாவம் தலையைக் குனிந்துகொள்கிறார். சந்திரகலா சீயக்காயை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தானம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பாக்கி நாற்பது பேரில் எவரும் இன்னும் வெளியே வரவில்லை. தலைவர் அடுத்த தையில் ரிட்டயர் ஆனார். பிரிவுபசார விழாவுக்கு மாலை, ஜாங்கிரி, காராபூந்தி எல்லாம் பண்டகசாலையிலிருந்தே போயிற்று, அவர் கணக்கில். பிறகு சொந்த ஊருக்கு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் பாக்கி இன்றைக்கும் நல்ல கடன்தான். பேரவையில் முந்நூறு பேர் முன்னால் தந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரே, அதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும் என்கிறார் சண்முகசுந்தரம். அரிசியில் பத்துப் பைசாவும் அப்படியே இருக்கிறது.

செங்கமலம் பெர்மனென்ட் ஆகிவிட்டார். சின்ன டைப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அந்த வாரமே சண்முகசுந்தரம் கல்லாவுக்கு வெளியே வந்து வரவேற்றார். இப்போது நீ நல்ல கடன் அம்மா, ஐந்நூறு ரூபாய் வரைக்கும் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். செங்கமலம் வேண்டாங்க என்றார். கையில் காசு வைத்துக்கொண்டுதான் வருகிறார். கியூவில் பெரிய டைப் குவார்ட்டர்ஸ்காரர்கள் கடனுக்குப் பையை நீட்டிக்கொண்டு நிற்க, அவர் கல்லாப் பலகையின் மேல் காசை இரண்டு குவியலாக வைப்பார். ஒன்று பெரியது. இன்னொன்று கிலோவுக்குப் பத்துப் பைசாவாக எண்ணின சில்லறை.

"இது என் அரிசிக்கு, கொளஞ்சி. இது பெரிய ஐயா வூட்டுக் கல்யாணத்துக்கு."